முதுகு காட்டிப் பார்த்த நியூ டொக்கா

போன மாதம் அபி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு காப்பகத்தில் என் மேசைக்கு வந்த பிள்ளை அவள். ஒஸ்லோவில் பிறந்தவள். தமிழில் தொடங்குவாள், பாதி வழியில் நோர்வீஜிய மொழிக்குள் இறங்கிவிடுவாள்.

"அன்ரி, ஸ்கான் பண்ணேக்கை ஒரு தபாலட்டை வந்தது. அமெரிக்காவில ஒரு சின்ன ஊர், பெரிய வீதி. அதுக்கு நடுவில சீலை கட்டின ஒரு ஆள் நிக்கிறா. பக்கத்தில தங்க மயில். கீழ, பதிஞ்ச ஆள் எண்டு உங்கட பேர் கிடக்கு. என்ன அன்ரி இது?"

"சீலை கட்டின ஆள் நான்தான் பிள்ளை."

"ஆனா முந்தானை பிழையான தோளில கிடக்கு. படம் ஸ்பைல்வென்ட், இடம் வலம் மாறிப்போச்சு. இப்ப புதுப் புரோகிராமில ஒரு கிளிக் பண்ணினாச் சரி. திருப்பி விடட்டே?"

"ஐயோ, தொடாதை பிள்ளை! கையை எடு!"

நான் கத்திய கத்தலில் அடுப்படியில் நின்ற என் மனிசன் அகப்பையோடு ஓடி வந்தார். அபி பயந்து போனாள். நான் பயத்தில் கத்தவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது, ஏனென்றால் அதற்குப் பின் நான் கனநேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன். "அப்ப எழுதித் தாங்கோ, அட்டையோட சேர்த்து வைக்கிறன்" என்றாள். எழுதுகிறேன். சிரித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தால் அது முடிகிற மாதிரித் தெரியவில்லை.

எங்கள் காப்பகத்தில் இருந்தவை தபாலட்டைகள். நூறு வருஷத்துக்கு முன் நோர்வேயில் இருந்து பஞ்சம் பிழைக்க அமெரிக்காவின் நடு மாநிலங்களுக்குப் போனவர்கள், மினசோட்டா, விஸ்கொன்சின், அயோவா, டகோட்டா என்று போய் இறங்கிய சின்னச் சின்ன ஊர்களில் இருந்து வீட்டுக்கு அனுப்பியவை. போன ஊர் பெரிய ஊர் என்று வீட்டாருக்குக் காட்ட வேண்டுமே! அதனால் அட்டையில் ஒரு பெரிய வீதி இருக்கும். மூலையில் தூண் வைத்த வங்கி, தண்ணீர்த் தாங்கி, தானியக் களஞ்சியம், தேவாலயக் கூம்பு, நீதிமன்றம், ரயில் நிலையம், ஒரு நாய். எங்கள் வேலை, எந்த அட்டை எந்த ஊர் என்று கண்டுபிடித்துப் பதிவது. எல்லா ஊருக்கும் அதே வங்கி, அதே கூம்பு. நாயும் அதே நாயோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அதற்கு முன் நான் ஒஸ்லோவில் செய்த வேலைகளைச் சொல்லப் போனால் இந்தக் கட்டுரை முடியாது. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் ஒருவரின் பிரசவ விடுமுறைக்குப் பதிலாளாக உள்ளே போனேன். போன புதிதில் ஒரு அட்டை வந்தது. ஒரு குதிரை வண்டில், அதற்குள் ஒரேயொரு சோளப்பொத்தி, வண்டிலை விட நீளம். அடுத்ததில் ஒரு மீன், ரயில் பெட்டிக்கு வெளியே வால் தொங்குகிறது. நான் பக்தியோடு முதலாவதை விவசாயத்திலும் இரண்டாவதை மீன்பிடியிலும் பதிந்தேன். வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அங்கை ஒரு சோளப்பொத்தி ஒரு வண்டிலை நிரப்புமாம்."

"அப்ப ஏன் நாங்கள் இஞ்சை குளிருக்கை கிடக்கிறம்?" என்றார் இவர். அவரும் நம்பிவிட்டார், பாவம்.

அவை பகிடி அட்டைகள். ஊர்க்காரர் தங்கள் ஊர்ப் பெருமையை ஊதிப் பெருப்பித்து அச்சடித்து விற்ற கூத்து. மறுநாள் ஹில்டெ என் பதிவுகளைப் பார்த்தார். மூச்சை மட்டும் 'ஹ்ஹ்' என்று உள்ளே இழுத்தார்.

ஹில்டெ எங்கள் பகுதித் தலைவி. மெலிந்து உயர்ந்த மனிசி, காதில் எப்போதும் ஒரு பென்சில். நோர்வேக்காரர் சில நேரம் 'ஓம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துத்தான் சொல்வார்கள். அது தெரியாமல், மனிசிக்கு மூச்சு முட்டு வருத்தமாக்கும் என்று முதல் கிழமை ஓடி ஓடி ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெளியே பனி. அவரும் மரியாதைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு இருந்தாரே தவிர ஏன் திறக்கிறாய் என்று கேட்கவில்லை. அவர் பேசியது சுத்த நோர்வீஜிய மொழி. ஆனால் என் ஞாபகத்துக்குள் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார், நான் என்ன செய்ய!

அவருடைய ஒழுங்கு இரும்பு ஒழுங்கு. அட்டை மேசைக்கு முகம் மேலாகத்தான் வரும். பின்பக்கத்தை முதலில் பார்க்கவே கூடாது. பின்பக்கம் எழுதியவன் ஓரூரில் வாங்கி வேறூரில் தபாலில் போட்டிருப்பான், அதைப் பார்த்தால் புத்தி அந்தப் பக்கமே இழுபடும் என்பார். முகத்தில் மூன்று சாட்சி வேண்டும். கூம்பு, தாங்கி, வங்கி என்று மூன்று கட்டடம் பழைய வரைபடத்தோடு ஒத்துப்போகும் வரை அந்த அறையில் ஊரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. மூன்றும் ஒத்த பிறகே அட்டையைத் திருப்பலாம்.

வண்ணத்தையும் நம்பக்கூடாது. அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வேறெங்கோ இருந்து, ஊரைக் கண்ணாலும் காணாதவர்கள் நிறம் பூசினார்கள். இரவுக் காட்சி வேண்டுமென்றால் பகல் படத்துக்கு நீலம் அடித்து ஒரு நிலவைக் கீறிவிடுவார்கள். நிலவு பளபளக்கும், வீதியில் நாயின் நிழல் மட்டும் மத்தியான வெயிலில் கிடக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் சிரித்த சிரிப்பில் ஹில்டெயின் பென்சில் காதில் இருந்து விழுந்தது.

"மங்கை, நிலவைக் கடையில வாங்கலாம்" என்றார். "ஆள் நடந்து போயிடும். நாய் ஓடிப் போயிடும். கட்டடத்தைப் பிடியுங்கோ."

அதனால் நாங்கள் யாரும் அட்டையில் இருக்கும் மனிதரைப் பார்த்ததில்லை. மனிதர் சாட்சி இல்லை. இந்த நல்ல ஒழுங்குதான் பிறகு எங்களைக் கவிழ்த்தது.

காப்பகம் ஒரு கண்காட்சி வைக்க முடிவெடுத்தது. என் தற்காலிக வேலை அந்தக் கண்காட்சி தொடங்கும் கிழமையோடு முடிகிறது. பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை, ஆனால் அந்த இடத்தை நிரந்தரமாக நிரப்புவதா, மூடுவதா என்று நிர்வாகக் குழுவின் தலைவர் தொடக்க விழாவுக்கு வந்து பார்த்துச் சொல்வாராம். ஹில்டெ ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார், "கண்காட்சி நிண்டா நீங்களும் நிப்பீங்கள்." எனக்கு அந்த வேலை வேண்டும். எப்படி வேண்டும் என்றால், ஹொல்ம்லியாவில் ரயிலுக்கு நிற்கும்போது 'நிரந்தரம், நிரந்தரம்' என்று வாய்க்குள் முணுமுணுத்துப் பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போகும் அளவுக்கு வேண்டும். வேலைக்குப் போவதற்காகக் காலையில் பாடிக்கொண்டு எழும்பியது என் வாழ்க்கையில் அந்த வேலைக்குத்தான்.

கண்காட்சியின் நடுநாயகம் அயோவாவில் உள்ள நியூ டொக்கா. இங்கே நோர்வேயில் இருக்கிற டொக்காவில் இருந்து போனவர்கள் வைத்த பெயர். அட்டைக் கொம்பனிகளுக்குப் படம் எடுத்த ஒரு நோர்வேக்காரர் திரும்பி வரும்போது கொண்டுவந்த கண்ணாடித் தகடுகள், அந்தக் கால நெகற்றிவ்கள், எங்களிடம் இருந்தன. அதில் ஒன்று நியூ டொக்காவின் பெரிய வீதி. அச்சடித்த அட்டை ஒன்றுகூட எங்கும் மிஞ்சவில்லை. வீதியும் பிறகு எரிந்துபோனது, நகரசபைக் கடதாசிகளும் அதோடு போயின. அந்த வீதி உலகத்தில் மிச்சம் இருந்தது எங்கள் தகட்டில் மட்டும்தான். அதைச் சுவர் அளவுக்குப் பெருப்பித்து ஒட்டுவது என்று முடிவானது.

நியூ டொக்கா மேயர் கார்லீன் தன் ஊர்ப் பாட்டுக் குழுவோடு வருவதாக எழுதியிருந்தார். அவருடைய பூட்டனார் அந்த வீதியில் பேக்கரி வைத்திருந்தவர். கடை வாசலில் மரத்தில் செய்த பெரிய முறுக்குப் பிஸ்கற் ஒன்று தொங்குமாம். தேவாலயத்தைப் பார்த்து நின்றால் பேக்கரி இடப்பக்கம் என்று கார்லீன், வலப்பக்கம் என்று அவருடைய தமையன். சின்ன வயதில் தொடங்கிய சண்டை. இப்போது ஊர் அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டப் போகிறது. எந்தப் பக்கம் என்பதை எங்கள் சுவரைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்று எழுதியிருந்தார்.

படப்பிடிப்புப் பகுதியில் இருந்த தூரெ தகட்டைத் துரொண்ட்ஹெய்மில் ஒரு அச்சகத்துக்கு அனுப்பினான். நீள நீளக் கீற்றுகளாக வந்தது. நாங்கள் மூன்று பேரும் சுவரில் ஒட்டி முடித்தோம். வீதி, கடைசியில் நடுவே தேவாலயம், அதன் பின்னால் தண்ணீர்த் தாங்கி, களஞ்சியம். மூன்று சாட்சியும் முழுசாக நின்றன. வலப்பக்கம் முறுக்குப் பிஸ்கற் தொங்கியது. அப்ப தமையன்தான் வென்றார் என்று நான் கார்லீனுக்காகக் கவலைப்பட்டேன்.

மறுநாள் மத்தியானம் விருந்தாளிகள் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள், விழா அதற்கு அடுத்த நாள். அவர்கள் வந்திறங்குகிற அன்று காலை நான் போனபோது ஹில்டெ சுவருக்கு முன்னால் ஏணியில் குந்தியிருந்தார். பென்சில் கையில். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் சுவரைப் பார்த்தேன். பேக்கரி வாசலில் இரண்டு ஆண்கள் படத்துக்காகக் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். தகட்டில் எறும்பு அளவு, சுவரில் என் உயரம்.

இடக்கையால் குலுக்கினார்கள்.

இந்தக் காட்சி எனக்குப் புதிதில்லை, என் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. எங்கள் கல்யாணப் படத்தை யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்காரன் மாறி அச்சடித்துவிட்டான். என் முந்தானை வலத்தோளில். மாப்பிள்ளை இடக்கையால் எனக்கு வாழைப்பழம் தீத்துகிறார். "என்ர பிள்ளை நொட்டாங்கையன் எண்டு ஊர் கதைக்கப் போகுது" என்று மாமி அந்த ஸ்ரூடியோ வாசலில் நின்று போட்ட சத்தம் இன்றும் என் காதில் கிடக்கிறது.

"ஹில்டெ, கை..."

"கண்டனான்" என்றார். "கோட்டின்ர நெஞ்சுப் பொக்கற்றும் வலப்பக்கம். எல்லா ஆம்பிளையளுக்கும்."

தூரெ ஓடி வந்தான். தகட்டில் மருந்து பூசிய பக்கம் மங்கலாக இருக்கும், மற்றது மினுங்கும். அதை வைத்துத்தான் பக்கம் பார்ப்பது. இந்தத் தகட்டுக்கு யாரோ இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்திருந்தார்கள், இரண்டும் மினுங்கியது. தேவாலயமும் தாங்கியும் களஞ்சியமும் நட்ட நடுவில், எப்படித் திருப்பினாலும் அப்படியே நிற்கும். கடைப் பெயர்களை வெயில் மறைப்புத் துணிகள் மூடிவிட்டன. எங்கள் மூன்று சாட்சியும் சேர்ந்து எங்களுக்குப் பொய் சொல்லியிருந்தன.

"திரும்ப அடிக்கலாமோ?" என்று கேட்டேன்.

"அச்சகம் ஒரு கிழமை கேக்கும்" என்றான் தூரெ.

போச்சு. கல் பிழையான பக்கத்துக்குப் போகப் போகிறது, என் வேலையும் அதன் பின்னால் போகப் போகிறது. அப்போது ஹில்டெ கைப்பையைத் திறந்து, முகத்துக்குப் பவுடர் போடும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்தார். கனநேரம் பார்த்தார்.

"இதுக்கை சரியா நிக்குது" என்றார்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்? ஹில்டெ சிரிக்கத் தொடங்கினார். நான் அந்த மனிசி சிரித்துப் பார்த்ததில்லை. மூச்சை உள்ளே இழுத்து இழுத்துச் சிரித்தார், உண்மையாகவே முட்டுத்தான் வந்துவிட்டதோ என்று நான் பழக்கதோஷத்தில் ஜன்னலைத் திறந்தேன். தூரெ தரையில் குந்திவிட்டான்.

"இந்தச் சுவர் அளவுக்கு ஒரு கண்ணாடி வேணும், மங்கை" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "ஒஸ்லோவில ஆரிட்டை இருக்கும்?"

எனக்கு மின்னல் வெட்டியது. ரொம்சோஸில் இருக்கிற குகன் அண்ணை! ஒஸ்லோவில் பாதித் தமிழ்க் கல்யாணங்களுக்கு மணவறை சோடிப்பவர் அவர்தான். அந்த வருஷம் மணவறைக்குப் பின்னால் பென்னாம்பெரிய கண்ணாடிப் பலகைகள் வைப்பது புது மோஸ்தர். உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, உங்கட மணவறைக் கண்ணாடி எல்லாம் எனக்கு வேணும். நாளைக்கு."

"ஆருக்குக் கலியாணம்?"

"அயோவாவில ஒரு ஊருக்கு."

"உனக்கென்ன விசரோ?"

விளங்கப்படுத்தினேன். "சனிக்கிழமை கலியாணம் கிடக்கு. அதுக்கு முதல் திரும்பி வரவேணும்" என்றார். "இன்னொண்டு, மயிலையும் தாமரையையும் கழட்டேலாது. ஒட்டியாச்சு."

"என்ன மயில்?"

"வந்து பார் தங்கச்சி."

வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத் தங்க மயில், மேலே தாமரை வளைவு, நடுவில் பளிங்கு மாதிரிக் கண்ணாடிகள். குகன் அண்ணையும் என் மனிசனும் தூரெயும் படத்துக்கு எதிர்ச் சுவரில் அதை நிறுத்தினார்கள். குகன் அண்ணை அடிக்கடி தள்ளி நின்று பார்த்து, "ஒரு குத்துவிளக்கும் வைச்சா நல்லாயிருக்கும்" என்றார். ஹில்டெ மயில்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். 'ஹ்ஹ்' என்று உள்ளே இழுத்தார். ஓம் என்று அர்த்தம்.

தொடக்க விழாவுக்கு நான் மாம்பழ நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனேன். வேலை போனாலும் மானத்தோடு போகட்டும் என்ற எண்ணம். நிர்வாகத் தலைவர் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு பட்டியோடு வந்தார். கார்லீன் கலகலவென்று சிரிக்கும் பெரிய உருவம். அவர் பின்னால் பாட்டுக் குழு, அதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தத் தமையன்.

ஹில்டெ பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. மேடை ஏறி நேராகச் சொன்னார்.

"எங்கட சுவர் பிழை. மாறி அச்சடிச்சுப்போட்டம். மன்னிக்கவேணும். எல்லாரும் தயவுசெய்து எங்கட பிழைக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கோ."

ஆளையாள் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பிறகு யாரோ வீரிட்டார்கள், பிறகு எல்லோரும். கண்ணாடிக்குள் நியூ டொக்காவின் பெரிய வீதி சரியான பக்கத்தில் நின்றது, வீதிக்குள் அவர்களே நின்றார்கள். எரிந்துபோன வீதியில், கோட்டும் தொப்பியுமாக, தங்கள் பூட்டன்மாரின் பக்கத்தில். ஒருவர் தேவாலய வாசலுக்குக் கை அசைத்தார். ஒரு அம்மா நாய்க்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

கார்லீன் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல் பின்பக்கமாகவே நடந்தார். இருவரை இடித்தார், ஒருவரின் காலை மிதித்தார். முறுக்குப் பிஸ்கற்றுக்குக் கீழே வந்ததும் நின்றார். கண்ணாடியில் அது வீதியின் இடப்பக்கம்.

"லெஃப்ட்!" என்று கத்தினார். "நான் சொல்லேல்லையா! எத்தினை வருஷமாச் சொன்னனான்!"

தமையன் தொப்பியைக் கழற்றினார். நடந்து போய்த் தங்கைக்குக் கை கொடுத்தார். அவர் அழுதார், இவர் சிரித்தார், பிறகு இரண்டு பேரும் மாறி மாறி இரண்டையும் செய்தார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அதற்குள்ளும் ஒன்றைக் கவனித்தேன். கண்ணாடியில் அவர்களுக்குப் பின்னால் நின்ற அந்தப் பழைய இரண்டு பேரும் இப்போது ஒழுங்காக வலக்கையால் குலுக்கினார்கள். அண்ணனும் தங்கையும்தான் இடக்கையால் குலுக்கினார்கள். மாமி இருந்திருந்தால் அயோவாவையே ஒரு வழி பண்ணியிருப்பார்.

"என்ன அருமையான யோசனை!" என்றார் நிர்வாகத் தலைவர்.

"யோசனை இல்லை. பிழை" என்றார் ஹில்டெ.

"ஹா, ஹா! மயில் ஆருடைய வேலை?"

"மங்கையின்ர. எங்கட தற்காலிக ஆள்."

"தற்காலிகமோ? எப்ப மட்டும்?"

"இந்தக் கிழமையோட முடியுது."

"விசர்க்கதை! அவவை விடக்கூடாது" என்றார் அவர். ஹில்டெ என்னைப் பார்த்தார். 'ஹ்ஹ்' என்று மூச்சை இழுத்தார். அந்த ஒரு மூச்சில் நான் அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அங்கே வேலை செய்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற என்னைக் கார்லீன் இழுத்துக்கொண்டு போய் வீதி நடுவில் நிறுத்தினார். பாட்டுக் குழு பாடியது. குகன் அண்ணை தாளம் போட்டார். தூரெ ஓரமாக ஒதுங்கி நின்று கண்ணாடியைப் படம் எடுத்தான். அந்தப் படத்தைக் கார்லீன் ஊருக்குக் கொண்டுபோய், என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? நியூ டொக்காவின் தபாலட்டையாக அச்சடித்துவிட்டார். அதில் ஒன்று தபாலில் எங்களுக்கு வந்தது.

ஹில்டெ அதை என் மேசையில் முகம் மேலாக வைத்தார். "பதியுங்கோ" என்றார். நானும் ஒழுங்காகக் கூம்பு, தாங்கி, களஞ்சியம் பார்த்தேன். அந்தச் சுவருக்குப் பிறகு சேர்த்த புதுச் சட்டப்படி நாலாவது சாட்சியாக மனிதரையும் பார்த்தேன். நடுவில் ஒருத்தி, வலத்தோளில் முந்தானை, வாயெல்லாம் பல். பிறகே அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் கார்லீன் எழுதியிருந்தார்: கல் நாட்டியாச்சு, அண்ணன்தான் சீமெந்து குழைத்தார்.

ஆகவே அபி, என் செல்லம், விஷயம் இதுதான். அந்தப் படத்தில் ஊர் சரி. நான்தான் மாறி நிற்கிறேன். நீ அந்தக் கிளிக்கை அமத்தினால் என் சீலை சரியாகும், ஆனால் கார்லீனின் பேக்கரி வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடும். கல்லைத் தூக்கிக்கொண்டு போக அந்தத் தமையனுக்கு இப்போது பெலன் காணாது. முந்தானை கிடக்கிற தோளிலேயே கிடக்கட்டும்.